மற்ற நாலு சில்லுகளும் பிறந்த கதை

சில வருடங்களுக்கு முன்பு அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒஸ்லோவில் எங்களோடு கொஞ்ச நாள் இருந்தார். ஒக்ரோபர் கடைசி. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் வீட்டுக்கொரு சின்னக் களஞ்சிய அறை உண்டு. அதைத் திறந்து நாலு ரயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் நின்ற அம்மா காரைக் குனிந்து பார்த்தார். அதிலும் நாலு இருந்தது.

"ஏன் மேனை, ஒரு காருக்கு எட்டுச் சில்லோ?"

"ஓமம்மா. அது வெய்யிலுக்கு, இது பனிக்கு."

"செருப்பு மாத்திறமாதிரி மாத்திறியளோ?"

விரல்கள் விறைத்துக்கொண்டிருந்தன, ஒரு நட்டு கழறமாட்டேன் என்று நின்றது. ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். அம்மா கேட்டதோ நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்தில் ஒரு செற் ரயரை மொட்டையாகும்வரை ஓட்டி, பிறகு ஊஞ்சலாக்கி, கடைசியில் கிணற்றடியில் பூக்கன்று நட்டவர்கள் நாங்கள். நல்ல நிலையில் இருக்கிற நாலு ரயரைக் கழற்றி அறைக்குள் பூட்டிவைப்பது அங்கே யாருக்கும் விளங்காத காரியம். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

கதையின் வேர் றப்பரின் குணத்தில் இருக்கிறது. 1830களில் அமெரிக்காவில் றப்பர் சப்பாத்தும் றப்பர் மேலங்கியும் பெரிய மோகமாகி, ஒரு கோடையோடு விழுந்துபோயின. வெய்யிலில் உருகி, ஒட்டி, நாறின. மாரியில் பலகைபோல விறைத்து வெடித்தன. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தக் குறையைத் தீர்க்கத் தன் வாழ்க்கையையே தொலைத்தவர் சார்ள்ஸ் குட்இயர். றப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உருகாது, விறைக்காது என்று 1839இல் கண்டுபிடித்தார். 1844இல் காப்புரிமை கிடைத்தது. கடன் மட்டும் சாகும்வரை தீரவில்லை. இன்று உலகத்தில் உருளும் ஒவ்வொரு ரயரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் றப்பரின் பழைய குணம் ஒளிந்துகொண்டதே தவிர ஒழிந்துபோகவில்லை. ஒரு ரயர் தார்வீதியைப் பற்றிப் பிடிப்பது எப்படி? தார் பார்வைக்கு மட்டமாக இருந்தாலும் கையால் தடவினால் அரத்தைப்போல் கரடுமுரடாக இருக்கும். மெதுவான றப்பர் அந்த மேடு பள்ளங்களுக்குள் அமிழ்ந்து பிடிக்கிறது. றப்பர் விறைத்தால் அமிழாது, மேலே மேலே வழுகும். எந்த றப்பருக்கும் கண்ணாடிபோல் உடையக்கூடியதாக மாறும் ஒரு வெப்பநிலை உண்டு. மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை றப்பருக்கு அது ஏறத்தாழ மறை 70 பாகை செல்சியஸ். கோடை ரயரின் மேற்பட்டையில் சேரும் செயற்கை றப்பர்கள் அதைவிடக் குறைந்த குளிரிலேயே இறுகத் தொடங்கிவிடும். அந்தக் கலவையைச் சூட்டில் தேயாமல், நெடுஞ்சாலை வேகத்தில் குழையாமல் இருப்பதற்காகவே கூட்டியிருக்கிறார்கள். வெளியே 7 பாகைக்குக் கீழே போனால் கோடை ரயரின் பிடி குறைகிறது என்பது ரயர்க்காரரின் கணக்கு. பனி விழவேண்டும் என்றில்லை, காய்ந்த வீதியிலும் அப்படித்தான்.

பனிக்கால ரயரின் மேற்பட்டையில் இயற்கை றப்பரைக் கூடுதலாகச் சேர்ப்பதும் அதனால்தான். பிரேசிலில் இருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த றப்பர் விதைகள் 1876இல் லண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் நாட்டப்பட்டன. வெப்பமண்டலத்து மரம் அது. அதன் பால்தான் வடதுருவக் குளிரில் மெதுமையாக நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் ரயரைத் தூக்கும்போது இது எனக்கு ஞாபகம் வரும்.

குணம் இருக்கட்டும். இரண்டாவது செற் எப்போது தேவைப்பட்டது? கார் வந்த முதல் முப்பது வருடங்களில் குளிர்நாடுகளில் பலருக்கு அது தேவைப்படவேயில்லை. முதல் பனி விழுந்ததும் காரைக் கட்டையில் ஏற்றி, பற்றறியைக் கழற்றி, ஏப்ரல்வரை உறங்கவிட்டார்கள். மாரி வந்தால் குதிரையும் சறுக்குவண்டியும் வீதிக்கு வரும். மோட்டார் கோடைக்கு உரிய பொருளாக இருந்தது. உறங்கமுடியாதவை லொறிகள். பால், மரம், தபால் எல்லாம் போயாகவேண்டும். அவற்றின் சில்லுகளுக்குச் சங்கிலி சுற்றினார்கள்.

சங்கிலிக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. நியூயோர்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்ற ஊரில் ஹரி வீட் என்பவர், சேற்றில் மாட்டிய கார்க்காரர்கள் சில்லில் கயிறும் கொடியும் சுற்றுவதைப் பார்த்தார். கயிறு அறும், சங்கிலி அறாதே என்று நினைத்தார். 1904இல் காப்புரிமை வாங்கினார். அந்தச் சங்கிலி இன்றும் மலைப்பாதைகளில் உயிர்காக்கிறது. ஆனால் அதை வைத்து மாரி முழுவதும் ஓடமுடியாது. மெதுவாகப் போகவேண்டும். பனி இல்லாத துண்டு வீதி வந்தால் தடதடவென்று அடித்து அறுந்துபோகும். ஒரு மணித்தியாலப் பயணத்தில் மூன்று முறை இறங்கி, பனிக்குள் முழங்கால் ஊன்றிப் பூட்டிக் கழற்றவேண்டி வரலாம். லொறிச் சாரதிகளின் கை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இனிப் பின்லாந்துக்குப் போவோம். நோக்கியா என்றால் எங்களுக்குக் கையில் இருந்த போன்தான் ஞாபகம் வரும். அது முதலில் ஒரு ஊரின் பெயர், தம்பரே நகருக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கிறது. 1898இல் ஹெல்சிங்கியில் தொடங்கிய பின்லாந்து றப்பர் தொழிற்சாலை, ஆற்று நீரில் எடுக்கும் மின்சாரத்துக்காக 1904இல் அந்த ஊருக்கு இடம்பெயர்ந்தது. ஆரம்பத்தில் செய்தது சப்பாத்துக்கு மேலே போடும் றப்பர் உறை. பனிச்சேற்று நாட்டில் அது எல்லார் காலுக்கும் தேவை. 1925இல் சைக்கிள் ரயர், 1932இல் கார் ரயர். பிறகு 1967இல் இந்தத் தொழிற்சாலை, ஒரு கேபிள் தொழிற்சாலை, பழைய நோக்கியா கம்பனி மூன்றும் ஒன்றானதில்தான் நாங்கள் அறிந்த நோக்கியா வந்தது. போன் செய்தவர்களும் பனி ரயர் செய்தவர்களும் ஒரு குடும்பம். 1988இல் ரயர்ப் பகுதி தனிக் கம்பனியாகப் பிரிந்துபோனது.

1934இல் அந்தத் தொழிற்சாலை லொறிகளுக்காக ஒரு ரயரைக் கொண்டுவந்தது. பெயர் கெலிரெங்காஸ். பின்னிஷ் மொழியில் 'கெலி' என்றால் வீதியின் அன்றாட நிலை: இன்று ஈரமா, சேறா, பனியா, ஐஸா என்பதை ஒரே சொல்லில் சொல்வது. 'ரெங்காஸ்' என்றால் ரயர். உலகத்தின் முதல் பனிக்கால ரயர் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதன் மேற்பட்டையில் வெட்டுகள் ஓடும் திசைக்குக் குறுக்கே ஆழமாக இருந்தன. சங்கிலி செய்த வேலையை றப்பருக்குள்ளேயே வார்த்துவிட்டார்கள். சாரதி இறங்கிப் பூட்டவேண்டியதில்லை, பனி இல்லாத வீதியில் கழற்றவும் வேண்டியதில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1936இல், கார்களுக்கும் ஒன்று வந்தது: லுமி-ஹக்கபெலீத்தா. எரிக் சுண்ட்க்விஸ்ட் என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவானது. 'லுமி' என்றால் பனி. ஹக்கபெலீத்தா 17ஆம் நூற்றாண்டு முப்பதாண்டுப் போரில் சுவீடன் மன்னருக்காகச் சண்டையிட்ட பின்லாந்துக் குதிரைப்படையின் பெயர். 'ஹக்கா பாலே', அடித்து வெட்டு என்ற அவர்களின் போர்க்கூச்சலில் இருந்து வந்தது. அதுவரை குதிரைதான் மாரியில் ஓடியது, இனி நாங்கள் ஓடுவோம் என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. அந்தப் பெயர் இன்றும் ரயரின் பக்கவாட்டில் வருகிறது. எங்கள் மாடிக்கட்டடத்துக் கார்களிலும் காணலாம்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். தமிழில் நாங்கள் எல்லாவற்றையும் பனி என்கிறோம். புல்லில் விடியற்காலையில் நிற்பதும் பனி, பஞ்சுபோல் கொட்டுவதும் பனி, கண்ணாடிபோல் உறைந்து கிடப்பதும் பனி. ரயருக்கு இவை வேறுவேறு எதிரிகள். கொட்டிக்கிடக்கும் புதுப்பனியில் ரயர் தன் ஆழமான வெட்டுகளுக்குள் பனியை வாரி அமுக்கி இறுக்கிக்கொள்கிறது. பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும். பிள்ளைகள் பனியை உருட்டி உருட்டிப் பொம்மை செய்வது அதனால்தான். ஆகவே வெட்டுக்குள் அடைந்த பனியே கீழே கிடக்கும் பனியைப் பிடிக்கிறது. ரயருக்குள் அடைந்த பனியை ஏன் தட்டிவிடவில்லை என்று புதிதாக வந்த ஒருவர் என்னிடம் கேட்டார். தட்டவேண்டாம், அது வேலைசெய்கிறது.

ஐஸ் அப்படியல்ல. அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். பூச்சியப் பாகைக்குக் கிட்டவாக அது தடித்து நிற்கும். அதனால்தான் மறை 20இல் இருக்கும் ஐஸை விடப் பூச்சியத்தில் இருக்கும் ஐஸ் பொல்லாதது. ஊரிலிருந்து வருகிற யாருக்கும் இது தலைகீழாகத் தெரியும். குளிர் கூடினால் ஆபத்து கூடும் என்று நினைப்பார்கள். ஐஸில் வெட்டு எவ்வளவு ஆழமாக இருந்தும் பயனில்லை, வாருவதற்குத் தளர்ந்த பனி இல்லை. போருக்குப் பிறகு வாகனங்கள் பெருகின, வீதிகளைத் தினமும் வழித்தார்கள். வழித்து மிஞ்சிய பனியை ஆயிரம் சில்லுகள் தேய்த்துத் தேய்த்து ஐஸாக்கின. பனிக்காகப் பிறந்த ரயர் ஐஸில் தோற்றது.

பதில் ஆணி. கடினமான டங்ஸ்டன் கார்பைட் முனையை ஒரு சிறு உலோகக் கூட்டுக்குள் வைத்து, ரயரின் மேற்பட்டையில் இருக்கும் றப்பர்க் கட்டிகளுக்குள் பதித்தார்கள். 1961இல் நோக்கியா ஊரிலிருந்து வந்த கொமெத்தா-ஹக்கபெலீத்தா அந்தக் கம்பனியின் முதல் ஆணி ரயர். நோர்வேயில் இதைப் பிக்டெக் என்பார்கள், எங்கள் ஆட்களின் வாயில் அது 'பிக் ரயர்'. எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிற அண்ணை ஒருவர் எண்பதுகளில் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலைசெய்தவர். நம்மவர் பலர் இந்த நாட்டில் முதல் சம்பளம் வாங்கியது அங்கேதான். நான் பிக் இல்லாத ரயர் வாங்கப்போகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது.

"தம்பி, வடக்கில பிக் இல்லாட்டி வீட்டைவிட்டே வெளிக்கிடேலாது. இரவு வேலை முடிஞ்சு மலையிறக்கத்தில வரேக்க அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு நெஞ்சு ஆறும்."

அந்தச் சத்தத்தை அறியாதவர்களுக்கு: வெறும் தாரில் பிக் ரயர் ஓடும்போது, தகரத்தில் அரிசி கொட்டுவதுபோல் ஒரு கரகரப்பு வரும். அது தார் தேயும் சத்தம். ஆணி ஐஸை மட்டும் கொத்துவதில்லை, ஐஸ் இல்லாத நாளில் வீதியையே கொத்துகிறது. கோடையில் பார்த்தால் சில்லோடும் தடத்தில் இரண்டு வாய்க்கால் விழுந்திருக்கும். மழைக்கு அதில் நீர் நிற்கும், அந்த நீரில் கார் மிதந்து வழுகும். பாதுகாப்புக்காக வந்த பொருள் வேறொரு பருவத்தில் ஆபத்தை உண்டாக்கியது. கனடாவின் ஒன்ராறியோ 1971இல் ஆணியைத் தடைசெய்தது, பிறகு 2005இல் வடபகுதிக்கு மட்டும் விட்டுக்கொடுத்தது. மேற்கு ஜேர்மனி 1975இல் தடைசெய்தது.

ஜப்பானில் நடந்தது இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் முக்கியமான பகுதி. வட ஜப்பானில் எழுபதுகளில் எல்லாரும் ஆணி ரயருக்கு மாறினார்கள். செண்டாய் நகரில் பனி அதிகம் நிற்பதில்லை, ஆனாலும் மாரி முழுவதும் ஆணி ரயரோடு ஓடினார்கள். தார் தூளாகி எழுந்தது. மக்கள் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு நடந்தார்கள், நகரத்தையே பாலைவனம் என்று சொன்னார்கள். பொதுமக்கள் கிளம்பிப் போராடினார்கள். ரயர் செய்யும் கம்பனிகள் 1990 முடிவோடு ஆணி ரயர் செய்வதை நிறுத்தவும், 1991 மார்ச்சோடு விற்பதை நிறுத்தவும் இணங்கின. 1990இல் சட்டமும் வந்தது. சுவாசிக்கிற காற்றுக்காக நடந்த போராட்டம் ரயரின் வடிவத்தையே மாற்றியது.

ஆணி போனால் ஐஸை எதனால் பிடிப்பது? 1988இல் பிரிஜ்ஸ்டோன் ப்ளிஸாக் என்ற ரயரைக் கொண்டுவந்தது. அதன் றப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் நிறைந்திருந்தன. றப்பர் தேயத்தேய அந்தக் குமிழ்கள் திறந்து, ஐஸின் மேலிருக்கும் நீர்ப்படலத்தை உறிஞ்சும். நீர் விலகினால் மெதுவான றப்பர் ஐஸில் ஒட்டும். இதற்குத் துணையாக நின்றது இன்னொரு பழைய யோசனை: கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய கீறல்கள். ஜோன் சைப் என்பவர் 1923இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இறைச்சி வெட்டும் கொட்டிலில் ஈரத்தரை வழுக்க, அவர் தன் சப்பாத்தின் அடியைக் கீறிக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். இன்றைய பிக் இல்லாத பனி ரயரைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டியும் பல மெல்லிய இதழ்களாகப் பிரிந்து திறக்கும். ஓரங்கள்தான் ஐஸைக் கவ்வுகின்றன. கட்டி ஒன்றாக இருந்தால் அதற்கு ஓரம் நாலுதான்.

மற்றப் பக்கம் கலவை மாறியது. மிஷலின் 1992இல் கரித்தூளின் இடத்தில் பெருமளவு சிலிக்காவைச் சேர்த்து ரயர் செய்தது. உருளும்போது வீணாகும் சக்தியைக் குறைப்பதற்காக வந்த யோசனைதான். ஆனால் சிலிக்கா சேர்ந்த றப்பர் ஈரத்திலும் குளிரிலும் நன்றாகப் பிடித்தது. பனி ரயர் செய்பவர்கள் விடுவார்களா? இன்று சிலர் கடுகினத்து எண்ணெயையும் கலந்து றப்பரை இளக வைக்கிறார்கள்.

ஆணிக்கும் அது முடிவல்ல. ஜப்பானில் தடை வந்தபிறகு சப்போரோவில் வீதிகள் கண்ணாடியாகின. முன்பு ஆணிகள் ஐஸைக் கொத்திக் கொத்திக் கரடாக்கியிருந்தன. இப்போது மெதுவான ரயர்கள் அதை மினுக்கின. நடந்துபோகிறவர்கள் விழுந்தார்கள். வீதியோரங்களில் மணல் பெட்டி வைத்து, கடக்கும் இடத்தில் தூவிக்கொண்டு போகச் சொன்னார்கள். பிக் ரயர் போட்டவர் பிக் இல்லாதவருக்கும் சேர்த்து வீதியைக் கொத்திக்கொடுக்கிறார் என்று எங்கள் அண்ணை சொல்வது வெறும் வாதம் அல்ல, உண்மை.

வட ஐரோப்பா ஆணியை விடாமல், அடக்கி வைத்தது. பின்லாந்து, சுவீடன், நோர்வே மூன்றிலும் 2013 யூலைக்குப் பிறகு செய்யும் ரயரில், உருளும் சுற்றளவின் ஒரு மீற்றருக்கு 50 ஆணிக்குமேல் இருக்கக்கூடாது. கூடுதலாக வைக்க விரும்பினால் ஒரு சோதனையில் தேறவேண்டும். கருங்கல் துண்டுகளை வீதியில் பதித்து, ரயரை அவற்றின்மேல் பலமுறை ஓட்டி, கல் எவ்வளவு எடை இழந்தது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். ஒஸ்லோ 1999இல் முதன்முதலாகப் பிக் ரயருக்குக் கட்டணம் விதித்தது. இடையில் கைவிட்டு, 2004இல் திரும்பக் கொண்டுவந்தது. காரணம் செண்டாயின் காரணம்தான், தூசு. மாரி முடியும் நாட்களில் காய்ந்த வீதியிலிருந்து எழும் தூசு மூச்சிழுப்பு உள்ளவரைப் படுத்தும் பாட்டை என் மகளிடம் பார்த்திருக்கிறேன். அண்ணையின் சொல்லை மீறி நான் பிக் இல்லாததை வாங்கியது அதற்காகத்தான். வடக்கே இருந்தால் நானும் ஆணியைத்தான் வாங்கியிருப்பேன்.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்து 1978இலும் சுவீடன் 1999இலும் பனி ரயரைக் கட்டாயமாக்கின. கியூபெக்கில் 2008இல் வந்தது, மொன்றியலில் இருக்கும் என் மச்சான் அந்த வருடம் ரயர்க்கடை வரிசையில் நின்று களைத்துப்போனார். ஜேர்மனியில் 'ஓவிலிருந்து ஓவரை' என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு: ஒக்ரோபரிலிருந்து ஓஸ்டர்ன் என்னும் ஈஸ்டர் வரை. நோர்வேயில் மாரியில் ரயரின் வெட்டு 3 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, கோடையில் 1.6 போதும். பிக் ரயர் நவம்பர் 1 முதல் ஈஸ்டர் திங்களுக்குப் பின்வரும் ஞாயிறு வரை. வடக்கே இன்னும் நீளும். வாங்கும்போது பார்க்கவேண்டிய குறி மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும். 1999இல் வட அமெரிக்க ரயர்ச் சங்கங்கள் கொண்டுவந்த இந்தக் குறி, பனியில் ஓட்டிச் சோதித்த ரயருக்கே கிடைக்கும். பழைய எம்+எஸ் குறிக்கு அந்தச் சோதனை இல்லை. ஜேர்மனி 2024 ஒக்ரோபரிலிருந்து மலைக்குறி உள்ளதை மட்டுமே பனி ரயராக ஏற்கிறது.

ஒரே செற்றில் வருடத்தை ஓட்டமுடியாதா என்று அம்மாவைப்போல் கேட்டவர்கள் கம்பனிகளுக்குள்ளும் இருந்தார்கள். குட்இயர் கம்பனி 1977இல் தியெம்போ என்ற நாலு பருவ ரயரை அமெரிக்காவில் விற்றது. மிஷலின் 2015இல் க்ரொஸ்க்ளைமேட்டைக் கொண்டுவந்தது. இலண்டனிலும் பாரிசிலும் அது போதும் என்றே நினைக்கிறேன். ஒஸ்லோவின் மலையோர வீதிகளில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதில் இறங்க எனக்கு மனமில்லை. மறுபக்கமும் உண்மைதான்: பனி ரயரைக் கோடையில் விட்டால் அது சூட்டில் இளகி, அழிறப்பர்போலத் தேய்ந்துவிடும், பிறேக் பிடித்தால் கார் கூடத் தூரம் போய்த்தான் நிற்கும். ஆகவே கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் எங்காவது வைக்கவேண்டும். இரண்டாவது செற்றோடு சேர்ந்து பிறந்த இரட்டைப் பிரச்சினை அது.

வைப்பதற்கு முதல் யோசனை, தனி ரிம். ஒரே ரிம்மில் வருடம் இரண்டு முறை ரயரைக் கழற்றிப் பூட்டினால் அதன் உள்ளோரக் கம்பி நோகும், ஒவ்வொரு முறையும் கடைக்குப் போகவும் வேண்டும். மலிவான இரும்பு ரிம் நாலை வாங்கிப் பனி ரயரை அதிலேயே நிரந்தரமாகப் பூட்டிவிட்டால், ஜக்கும் நட்டுச்சாவியும் உள்ள யாரும் வீட்டு வாசலில் மாற்றலாம். அதோடு 'ரயர் மாற்றுவது' 'சில்லு மாற்றுவது' ஆனது.

நகரத்தில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு அதுவும் கஷ்டம். ரிம்மோடு ஒரு சில்லு ஏறத்தாழ 20 கிலோ. நாலையும் நிலவறைப் படிகளில் இறக்கி ஏற்ற முதுகு வேண்டும். அங்கேதான் டெக்ஹொட்டெல் வந்தது, ரயருக்கு ஹோட்டல். ஜேர்மன்காரரும் பின்லாந்துக்காரரும் தங்கள் மொழியில் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கராஜில் சில்லைக் கழற்றி, கழுவி, வெட்டின் ஆழத்தை அளந்து, கார் இலக்கத்தை ஒட்டி, உயரமான தட்டுகளில் அடுக்கிவைப்பார்கள். அடுத்த பருவத்தில் நேரம் பதிந்துவிட்டுப் போனால் போதும். ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன். நூலகம்போல் கூரைவரை தட்டுகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் மற்றப் பருவம் காத்திருந்தது.

வீட்டில் வைப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். முதலில் கழுவுங்கள். வீதியில் தூவும் உப்பும் பிறேக் தூசும் ரிம்மை அரிக்கும். நன்றாகக் காயவிடுங்கள். வெட்டுக்குள் சிக்கிய கற்களைக் கிண்டி எடுங்கள். வைக்கும் இடம் இருட்டாக, குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் இருக்கவேண்டும். பெற்றோலும் ஒயிலும் றப்பரை ஊதவைக்கும், கிட்ட வைக்கவேண்டாம். பொறிபறக்கும் மின் மோட்டாருக்குப் பக்கத்திலும் வேண்டாம். அதிலிருந்து வரும் ஓசோன் றப்பரை நுண்ணிய வெடிப்புகளாகப் பிளக்கும். ஓடும் ரயர் தன் உள்ளே இருக்கும் மெழுகை மேலே கசியவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும். படுத்திருக்கும் ரயருக்கு அந்தக் காப்பு குறைவு. ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்கலாம், தொங்கவிடலாம். ரிம் இல்லாவிட்டால் நிமிர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டிவிடவேண்டும்.

முக்கியமானது சோக்கு. கழற்றியவுடன், எது எங்கே இருந்தது என்று ரயரில் எழுதவேண்டும். முன்சில்லும் பின்சில்லும் ஒரேமாதிரித் தேய்வதில்லை, அடுத்த முறை மாற்றிப் போட்டால் நாலும் சமமாகத் தேயும். ஓடும் திசைக்கு அம்புக்குறி உள்ள ரயரென்றால் ஒரே பக்கத்துக்குள் முன்னும் பின்னுமாகத்தான் மாற்றலாம். நோர்வேக்காரர் தங்கள் எழுத்துகளை எழுதுவார்கள். எங்கள் வீட்டில் மகள் தமிழில் எழுதுகிறாள்: இ.மு., வ.மு., இ.பி., வ.பி. இடது முன், வலது முன், இடது பின், வலது பின். ஒருநாள் பள்ளிக்கூடத்துத் தோழிக்கு அதை அவளே விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

பூட்டுவதில் ஒரு பாடம் எனக்குக் கசப்பாகக் கிடைத்தது. முதல் மாரியில் ஒரு கராஜில் மாற்றினேன். திரும்ப இறுக்கிப் பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. நாலாம் நாள் நெடுஞ்சாலையில் இடது முன் பக்கத்திலிருந்து மெல்லிய தட்டல் கேட்டது. வேகத்தோடு அதுவும் வேகமாகியது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். இரண்டு நட்டுகள் கையால் திருகும் நிலையில் இருந்தன. மனைவியும் பிள்ளைகளும் காருக்குள் இருந்தார்கள். அன்றிலிருந்து நானே மாற்றுகிறேன்.

என் கை இப்படிப் போகும். சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால்சுற்று இளக்குவேன், தூக்கியபிறகு இளக்கினால் சில்லே சுற்றும். ஜக்கு போட்டுத் தூக்குவேன். உப்புக்கு ரிம், சில்லைத் தாங்கும் குடத்தோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், குதிகாலால் ரயரின் பக்கவாட்டில் இரண்டு உதை. குடத்தின் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளைவெளேரென்று தேய்ப்பேன். அந்த முகத்தில் ஒரு துருச்செதிள் மிஞ்சினாலும் நட்டு பிறகு இளகும். எனக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கவேண்டும். நட்டுகளைக் கையால் ஓட்டி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக நட்சத்திரம்போல் இறுக்குவேன். காரை இறக்கியபிறகு, இறுக்கத்தை அளக்கும் அளவுச்சாவி. என் காருக்குக் கைநூலில் 103 நியூட்டன் மீற்றர் என்று போட்டிருக்கிறது. 'டிக்' என்று சாவி சொன்னால் அதற்குமேல் ஒரு இழுப்பும் இல்லை. கடைசியாகக் காற்று: வெப்பநிலை இறங்க இறங்கக் காற்றழுத்தமும் இறங்கும், அதனால் மாரியில் அடிக்கடி பார்ப்பேன்.

போன சனிக்கிழமை மாற்றி முடித்தேன். மகள் கோடைச் சில்லுகளில் சோக்கால் எழுதினாள். இருவரும் அவற்றை நிலவறைக்கு உருட்டினோம். அம்மாவுக்குப் போனில் படம் அனுப்பினோம். "எட்டும் சுகமோ?" என்று கேட்டார். சுகம் என்றோம். இதுவரை 62 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. நாளை காலை வேலைக்குப் போகமுதல் அளவுச்சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, இருபது நட்டையும் ஒருமுறை பார்க்கவேண்டும்.